நிறுத்தாமல் வாசித்த தாள்

என் இங்கிலீஷைக் கேட்பவர்கள் நான் கான்வென்ட்டில் படித்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. திருப்பத்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்து, பி.எஸ்ஸி. முடித்த பிறகும் யாராவது இங்கிலீஷில் பெயர் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொண்ட பெண் நான் என்று சொன்னால் இப்போது சிரிப்பார்கள். இந்த மொழியை நான் கற்றது தொண்ணூறுகளின் பின்பாதியில், பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த பயிற்சிப் பள்ளியில். ஆறு மாதப் படிப்பு. அந்த ஆறு மாதத்தில் எனக்கு இங்கிலீஷ் வந்தது. வேலை கிடைத்தது. என்னை நம்பிய ஒருத்திக்கு வேலை போனது. அவள் நினைத்ததுபோல நான் தெரியாமல் செய்த தப்பு அல்ல அது. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதி வைக்கிறேன்.

அப்போது நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் வங்கியில் வேலை பார்த்தான். எனக்கு இருபத்து மூன்று வயது. ஊரில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அதுவரை சும்மா இருப்பானேன் என்று அண்ணன் என்னைப் பெங்களூருக்கு அழைத்து வந்திருந்தான். வந்த ஓராண்டில் நான்கு இடங்களுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். நான்கிலும் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்கள். என்னைப் பற்றி எனக்கு நிறையவே தெரியும், ஆனால் தமிழில்தான் தெரியும். நான்காவது இடத்திலிருந்து திரும்பியபோது அண்ணி வாசலிலேயே, "இந்த வாட்டியும் மௌன விரதமா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அடுத்த வாரம் அண்ணன் என்னை அந்தப் பள்ளியில் சேர்த்துவிட்டான்.

சம்பிகே ரோட்டில் பாத்திரக் கடைக்குப் பக்கவாட்டில் செங்குத்தான படி. மேலே இரண்டு அறைகள். மாலை ஆறு மணிக்கு வகுப்பு. கீழே யாராவது தவலை வாங்கினால் தட்டிப் பார்க்கும் சத்தம் மேலே வரைக்கும் கேட்கும். நாங்கள் இருபது பேர் இருந்தோம். கன்னடம், தெலுங்கு, உருது, தமிழ் என்று வீட்டில் ஆளுக்கொரு பாஷை. படியேறியதும் எல்லாவற்றையும் செருப்போடு வெளியே விட்டுவிட வேண்டும் என்பார் சார். உள்ளே வேறு பாஷையில் ஒரு சொல் வாயிலிருந்து விழுந்தாலும் எழுந்து நின்று, அவர் காட்டும் பொருளைப் பற்றி ஒரு நிமிடம் இங்கிலீஷில் பேச வேண்டும். மின்விசிறியைப் பற்றி ஒரு நிமிடம் பேசிப் பாருங்கள், அப்போது தெரியும். அக்கா, அண்ணா எல்லாம் கிடையாது. வயது பார்க்காமல் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

சாருக்கு ஒரு முறை இருந்தது. நிறுத்தக் கூடாது என்பதுதான் அது. ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்வார். நடுவில் தயங்கி நின்றால் அளவுகோலால் மேசையில் ஒரு தட்டு. மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். தெரியாத சொல் வந்தால் முகத்தில் காட்டாமல், தெரிந்த மாதிரியே தாண்டிப் போக வேண்டும். யாராவது அர்த்தம் கேட்டால் அவருக்குப் பிடிக்காது. முதலில் வாய் பழகட்டும், அர்த்தம் நாய்க்குட்டி மாதிரி தானாகப் பின்னால் வரும் என்பார். அவரைக் குறை சொல்லவில்லை. அந்த முறையால்தான் எங்கள் கூச்சம் போனது. எத்தனையோ பேர் அந்தப் படியிலிருந்து இறங்கி நேராக வேலைக்குப் போனார்கள். வகுப்பில் கற்றதை வெளியே எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாதது எங்கள் குற்றம், என் குற்றம்.

எல்லோரையும் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டிருந்தார். எனக்குக் கிடைத்தவளைப் பார்ட்னர் என்றே இங்கே சொல்கிறேன். அப்படித்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டோம். அவளுக்கு முப்பது வயது இருக்கும். பீன்யாவில் சுவிட்ச் பொருத்தும் ஒரு தொழிற்சாலையில் பத்து வருடமாக வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்யும் வேலை. வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களைக் குளிர்ந்த தரையில் அழுத்தி வைத்துக்கொள்வாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். ஏன் இங்கிலீஷ் கற்க வந்தாய் என்று முதல் நாள் சார் கேட்டதற்கு, "ஐ வான்ட் சிட்டிங் ஜாப்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் தொழிற்சாலை அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் பெண் கல்யாணமாகிப் போகப் போகிறாள், அந்த நாற்காலி காலியாகும், இங்கிலீஷ் பேசினால் உனக்குத் தருகிறேன் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

அவளும் தமிழ்தான் என்பது சேர்க்கைப் படிவத்தைப் பார்த்துத் தெரிந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம். ஆனால் எங்களுக்குள் தமிழ் பேசுவதில்லை என்று சபதம் செய்துகொண்டோம். வகுப்புக்கு வெளியேயும், தெருவிலும், பஸ் ஸ்டாப்பிலும் இங்கிலீஷ் மட்டும்தான். அந்த யோசனை என்னுடையது. அவள் ஒருமுறை படியில் கால் தடுக்கி "அம்மாடி" என்று சொன்னதற்குக்கூட நான் விரலை ஆட்டி, "நோ டமில்" என்றேன். எனக்கு அதில் ஒரு திமிர் இருந்தது. அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் கீழே இருந்தவளுக்கு, ஒருத்தியைத் திருத்துவதற்கு வாய்ப்புக் கிடைத்திருந்தது.

ஆகவே எங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் எங்கள் நட்பு. புருஷன் எங்கே என்று கேட்டால், "லாரி. சம்டைம் கம்" என்பாள். அதில் எத்தனை கண்ணீர் இருந்தது, எத்தனை நிம்மதி இருந்தது என்று எனக்குத் தெரியாது. மகளைக் கிருஷ்ணகிரியில் அம்மாவிடம் விட்டிருந்தாள். அதைச் சொல்லும்போது, "மை டாட்டர், ஃபோர்த் ஸ்டாண்டர்ட், குட் கேர்ள்" என்று பாட்டைப்போல ஒப்பிப்பாள். தினம் அதே சொற்கள்தான். எனக்கும் அண்ணியைப் பற்றிச் சொல்ல "ஷி இஸ் நைஸ்" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. இருந்தாலும் அவள் வராத நாளில் எனக்கு வகுப்பு ருசிக்காது. அவள் குடியிருந்த தாசரஹள்ளிக்குப் பஸ் ஏறும்வரை நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வாழ்க்கையில் எனக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் சிநேகிதி அவள்தான்.

பஸ் ஸ்டாப்பில் நாங்கள் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். இங்கிலீஷில் அச்சடித்த எதுவானாலும் வாசிப்பது. பிஸ்கட் உறை, கடைப் பலகை, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாள், கம்பத்தில் ஒட்டிய வாடகை வீட்டு அறிவிப்பு. ஒருத்தி வாசிக்க, மற்றவள் அவள் தோளில் விரலை வைத்திருப்பாள். தயங்கினால் விரலால் ஒரு தட்டு, மறுபடி முதலிலிருந்து. நிற்காமல் முடித்தால் "வெரி குட்". பொடி எழுத்துத் தாளை ஒரே மூச்சில் முடித்த அன்று எங்களைப் பார்த்து ஒரு பூக்காரம்மா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு, "யப்பா, எஷ்டு சென்னாகி ஓதுத்தாரே" என்று, எவ்வளவு அழகாகப் படிக்கிறார்கள் எனக் கன்னடத்தில் வியந்தாள். மாத்திரை எதற்கானது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஐந்தாம் மாதக் கடைசியில் சார் எங்கள் ஜோடியைத் தேர்ந்தெடுத்தார். புதிய அணி சேரும் ஞாயிற்றுக்கிழமை, வருகிறவர்களின் வீட்டாருக்கு முன்னால், ஒரு ஜோடி மேடையேறி வாசித்தும் பேசியும் காட்டுவது அங்கே வழக்கம். பார்க்கிறவர்கள் நம் பிள்ளையும் இப்படிப் பேசுவான் என்று நம்பிச் சேர்ப்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனையும் அண்ணியையும் வரச் சொன்னேன். மௌன விரதம் என்று கேட்ட வாயைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும் என்று இருந்தது. அதே வாரம் செவ்வாய்க்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓர் அலுவலகத்தில் எனக்கு நேர்முகத் தேர்வும் வந்திருந்தது. எல்லாம் ஒன்றாகக் கூடிவருகிறது என்று நினைத்தேன்.

அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, வகுப்பு முடிந்து கீழே இறங்கியதும் பார்ட்னர் பஸ் ஸ்டாப்புக்கு நடக்காமல் பாத்திரக் கடை விளக்கு வெளிச்சத்தில் நின்றாள். சாப்பாட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். தட்டச்சு செய்த இங்கிலீஷ் தாள். அவர்கள் பகுதியில் வேலை செய்யும் பதினோரு பெண்களுக்கும் அதைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். உங்களை வேறு பிரிவுக்கு மாற்றத்தான் என்று சூப்பர்வைசர் கன்னடத்தில் சொல்லியிருக்கிறார். பெண்களுக்குச் சந்தேகம். நம்மில் ஒருத்தி இங்கிலீஷ் க்ளாஸுக்குப் போகிறாளே, அவள் படித்துச் சொல்லட்டும், அவள் போட்டால் நாங்களும் போடுகிறோம் என்று மற்ற பத்துப் பேரும் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை எட்டரைக்கு, வேலை தொடங்கும்போது கொடுத்துவிட வேண்டும். இவ்வளவையும் அவள் எனக்கு இங்கிலீஷில் சொன்னாள். "லெவன் லேடீஸ் வெயிட்டிங். மீ ரீடிங், தே சைனிங்" என்றாள். பத்துப் பேர் தன்னை நம்பியதில் அவள் முகத்தில் பெருமையும் இருந்தது.

நான் தாளை வாங்கினேன். பழக்கத்தில் அவள் விரல் என் தோளுக்கு வந்தது. நீளமான வாக்கியங்கள். கோர்ட்டு பாஷை. பாதிச் சொற்களை நான் அதுவரை கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் வாய் ஓடியது. முகத்தில் எதையும் காட்டாமல், ஏற்ற இறக்கத்தோடு, கடைசிப் புள்ளிவரை நிற்காமல் வாசித்தேன். அவள் விரல் ஒருமுறைகூடத் தட்டவில்லை. "வெரி குட்" என்றாள். இரண்டு நீளச் சொற்களை மட்டும் ஆசையாகத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள், அவளும் சொல்லிப் பார்த்தாள். ஐந்தாறு தடவை சொல்லியிருப்போம். பிறகு, "மீனிங்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல இங்கிலீஷில் மூன்று சொற்கள் போதும். முதல் பாடத்திலேயே வருகிறவை. அதைச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு அழகாக வாசித்துவிட்டுத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் வங்கியைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி சொல்லும் ஒரு சொல் நினைவுக்கு வந்தது. "ஒன்லி ஃபார்மாலிட்டி. நோ ப்ராப்ளம். சைன்" என்றேன்.

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருமுறை வாயைத் திறந்து தமிழில் ஏதோ தொடங்கினாள். "இல்ல, இது வந்து..." என்றாள். நான் விரலை ஆட்டினேன். உடனே நிறுத்திக்கொண்டாள். "ஒன் மினிட், ஆஸ்க் சார்" என்று படியைக் காட்டினாள். மேலே சார் விளக்கை அணைக்காமல் இருந்தார். பதினெட்டுப் படிதான். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். மேடையேறப் போகிற ஜோடி ஒரு தாளுக்கு அர்த்தம் கேட்டுப் போய் நின்றால் சார் என்ன நினைப்பார், வேறு ஜோடியைப் போட்டுவிட மாட்டாரா என்றுதான் எனக்கு ஓடியது. அதை அவளிடம் சொல்லவில்லை. "டோன்ட் வொர்ரி, பார்ட்னர்" என்றேன். அவள் தாளை அதே மடிப்பில் மடித்துப் பைக்குள் வைத்தாள். பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்து எனக்குக் கையசைத்தாள்.

இதுவரைக்கும் நான் செய்ததை அசட்டுத்தனம் என்று மன்னித்துவிடலாம். அடுத்ததை என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்தேன். அண்ணி காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு முன்னால் நாலு சொல் பார்த்துவைத்துக்கொள்ளலாம் என்று அண்ணனின் பழைய ஆங்கில-தமிழ் அகராதியை எடுத்தேன். முந்தின நாள் ஐந்தாறு தடவை சொல்லிப் பழகிய அந்த இரண்டு நீளச் சொற்கள் வாயிலேயே இருந்தன. எழுத்தை ஊகித்துத் தேடினேன். முதலாவது கிடைத்தது: பதவி விலகல். இரண்டாவதும் கிடைத்தது: சொந்த விருப்பப்படி. மூன்றாவதாக ஒன்று நினைவிலிருந்தது, அதையும் பார்த்தேன். உரிமை கோருதல் என்று போட்டிருந்தது. அதற்கு முன்னால் ஓர் "இல்லை" வந்ததும் ஞாபகம் வந்தது. வேறு பிரிவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பதினோரு பேரும் தாங்களாகவே வேலையை விட்டுப் போகிறார்கள், இனி எதையும் கேட்க மாட்டார்கள் என்பதற்கான தாள் அது.

மணி ஆறரைகூட ஆகவில்லை. மல்லேஸ்வரத்திலிருந்து பீன்யாவுக்கு அரை மணி நேரம், பஸ் கூட்டமாக இருந்தால் முக்கால் மணி. எனக்கு நேர்முகத் தேர்வு பதினொன்றுக்கு. அவள் தொழிற்சாலை வாசல் எந்த நிறுத்தத்தில் என்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாப் பலகைகளை வாசித்து விளையாடியபோது அவளே காட்டியிருந்தாள். எழுந்து போயிருந்தால் எட்டு மணிக்கு வாசலில் நின்றிருப்பேன். இதில் கணக்குப் போட ஒன்றுமில்லை. நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். புடவை கசங்கிவிடும் என்று நினைத்தேன். பத்துப் பேரில் ஒருத்தியாவது வேறு யாரிடமாவது கேட்டிருப்பாள் என்று நினைத்தேன். அகராதி ஒன்று சொல்லும், கம்பெனிக்காரர்கள் எழுதுவது வேறு ஒன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். எல்லாம் சும்மா. போனால், நேற்று எனக்குத் தெரியாமலே தெரிந்த மாதிரி சொன்னேன் என்று அவளிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். மற்ற பத்துப் பேரும் பக்கத்தில் நிற்பார்கள். அந்த வெட்கத்தைத் தாங்க முடியாது என்று தோன்றியது. அண்ணி காப்பியை நீட்டினாள். அண்ணன் பக்கத்திலேயே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். அவனிடமாவது சொல்லியிருக்கலாம். காப்பியைக் குடித்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

எட்டரை மணிக்கு நான் கண்ணாடி முன்னால் புடவை மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. மடிப்பு சரியாக விழவில்லை, பிரித்து மறுபடி வைத்தேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய பங்களாவில் இருந்தது அந்த அலுவலகம். தோல் பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மேசையிலிருந்த ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார். அதிலும் தெரியாத சொற்கள் இருந்தன. நிற்காமல் வாசித்தேன். நடுவில் அமர்ந்திருந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஒன்றாம் தேதி முதல் வேலைக்கு வரச் சொன்னார்கள். அண்ணன் இனிப்பு வாங்கி வந்தான். அண்ணி என் கன்னத்தைக் கிள்ளி, "எப்படிடி பேசின?" என்றாள். அந்த இனிப்பை நான் தட்டிலேயே விட்டுவிட்டேன்.

அன்று மாலை பார்ட்னர் வகுப்புக்கு வரவில்லை. புதன் வரவில்லை, வியாழன் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று சார் என்னைக் கேட்டார். "ஐ டோன்ட் நோ, சார்" என்றேன். திங்கட்கிழமை வராத மூன்று சொற்கள் அப்போது சுலபமாக வந்தன. தெரியாது என்றதும் பொய்தான். வெள்ளிக்கிழமை அவர் இன்னொரு பெண்ணை என் பக்கத்தில் உட்காரவைத்து, ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராகச் சொன்னார். கொஞ்ச காலம் கான்வென்ட்டில் படித்த பெண். தரையில் பாதத்தை அழுத்திக்கொள்ளாத பெண்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து இறங்கியபோது பாத்திரக் கடை ஓரம் பார்ட்னர் நின்றிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. முகம் சிறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். சிரித்து, இங்கிலீஷில்தான் தொடங்கினாள். எங்கள் சபதம் அவளுக்கு அப்போதும் ஞாபகம் இருந்தது.

"ஃபேக்டரி ஃபினிஷ், பார்ட்னர். லெவன் லேடீஸ் அவுட்."

"ஐ ஆம் வெரி சாரி" என்றேன். துக்கம் விசாரிப்பது எப்படி என்ற பாடத்தில் இருந்த வாக்கியம். சரியான உச்சரிப்போடு சொன்னேன்.

அவள் மேலும் ஏதோ சொல்லப் பார்த்தாள். "சூப்பர்வைசர்... பேப்பர்... ஆல் லேடீஸ் கிரையிங்..." அதற்கு மேல் அவளிடம் இங்கிலீஷ் இல்லை. நான் விரலை ஆட்டவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, நான் ஐந்து மாதமாகக் கேட்காத அவளுடைய சொந்தக் குரலில், "முடியல பாப்பா" என்றாள்.

பாப்பா என்று அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் என்னைவிட ஏழு வயது மூத்தவள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கப்புறம் அவள் நிறுத்தவே இல்லை.

"நாந்தான் படிச்சேன்னு சொல்லிட்டேன் பாப்பா. முழுசா படிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல, சும்னே ஒரு ஃபார்மாலிட்டிதான், போடுங்கன்னு. மொத கையெழுத்து என்னுதுதான். என்னைப் பாத்துத்தான் மத்தவங்க போட்டாங்க. மத்தியானமே கேட்டைச் சாத்திட்டான். கேக்கப் போனா, நீங்களே விட்டுப் போறோம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களேங்கறான். இப்ப தெருவுல பாத்தா மொகத்தைத் திருப்பிக்கிறாங்க. ஒருத்தி மண்ணை வாரி தூத்திட்டா. அவளுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. அவ மேல தப்பு சொல்ல முடியுமா?"

"என் பேரைச் சொல்லலையா?" என்று கேட்டேன். அவளிடம் நான் தமிழில் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"உன் பேரு எதுக்கு? சின்னப் பொண்ணு, நாளைக்கு வேலைக்குப் போவணும், கல்யாணம் காட்சி ஆவணும். நான் சொல்லல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ மட்டும் இன்னா பண்ணுவே? உனுக்குந்தான் தெரியல. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டியா?"

சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. எட்டரைக்கு முன்னாலேயே தெரியும் அக்கா, காப்பி குடித்துக்கொண்டிருந்தேன் அக்கா, என்று சொல்லியிருக்க வேண்டும். நல்ல தமிழில், எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகப் புரியும் தமிழில். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் எதுவும் தெரிந்திருக்காது. அதற்கு எனக்கு நல்ல பயிற்சி இருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் அழுதேன். என்னைத் தேற்றியது அவள்தான்.

மறுநாள் காலை கிருஷ்ணகிரிக்குப் போகிறாள் என்றும், அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டு வருவாள் என்றும் சொன்னாள். பஸ் ஸ்டாப்புவரை கூடப் போனேன். கம்பத்தில் புதிதாக ஏதோ இங்கிலீஷ் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம், வாசிக்கவில்லை. பஸ் வந்ததும் கண்டக்டர் "பேக ஹத்தம்மா" என்று சீக்கிரம் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார். அவள் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"நாளைக்கு மேடையேறணுமில்ல? நல்லா படி, இன்னா. நிறுத்திடாத."

பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மேடையேறினேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது படிக்கிறவர்கள் நினைப்பார்கள், நானும் நினைத்திருக்கிறேன். ஆனால் போனேன். நிறுத்தாமல் வாசித்தேன். சார் சிரித்த முகத்தோடு நின்றிருந்தார். அண்ணனும் அண்ணியும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணி என் தலையைச் சுற்றி நெட்டி முறித்தாள். அவளுக்கு எதிரே பேசிக் காட்ட வேண்டும் என்றிருந்த வெறி எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, தைரியம் வந்தோ வராமலோ, தாசரஹள்ளியில் அவள் சொல்லியிருந்த தெருவுக்கு ஒருநாள் போனேன். வரிசை வீடுகள். நான்கு கதவைத் தட்டினேன். பீன்யாவில் வேலை பார்த்தவள், கால் வீங்கியிருக்கும், லாரிக்காரர் பெண்டாட்டி என்று அடையாளம் சொன்னேன். ஒரு வீட்டில் மட்டும் ஒரு நடுத்தர வயது அம்மாள், பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த இங்கிலீஷ்காரியா?" என்றாள். "அவ எங்க குடியைக் கெடுத்துட்டு ஊருக்குப் போயிட்டா. நீ யாரு அவளுக்கு?"

பார்ட்னர் என்று சொல்ல முடியாது. "தெரிஞ்சவங்க" என்றேன். அந்த அம்மாளுக்கு எதிரே நின்றுகொண்டு, கெடுத்தது அவள் இல்லை என்று சொல்வதற்கு எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. அதையும் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன்.

அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுன் அலுவலகத்தில் எனக்கு நல்ல நாற்காலி கொடுத்தார்கள். பல வருடம் அதில் உட்கார்ந்திருந்தேன். அர்த்தமெல்லாம் தானாகப் பின்னால் வரும் என்று சார் சொன்னது சரிதான். ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. அந்தத் தாளில் இருந்த எல்லாச் சொற்களும் இன்று எனக்குத் தெரியும். அவளுக்கு இப்போது அறுபது வயது நெருங்கியிருக்கும். மகளுக்கே பிள்ளைகள் இருக்கும். பெங்களூரில் இருந்த காலத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது என்னைப் பற்றியும் அவள் சொல்லாமலா இருப்பாள்? இரக்கத்தோடுதான் சொல்வாள். பாவம், அதுவும் சின்னப் பொண்ணு, தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கும் என்று.